செடிகளுக்கு ஒரு பேரேடு: தோட்டத்தை டேட்டாபேஸில் ஏற்றுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அம்பாசமுத்திரம் பக்கம், எங்கள் வீட்டுக்குப் பின்னால் முக்கால் ஏக்கர் தோட்டம் இருக்கிறது. மூலிகை, மரம், கொடி, வாழை ரகங்கள் எல்லாம் சேர்த்து இன்று உயிரோடு நிற்பவை நானூற்றுச் சொச்சம். ஏட்டில் இருப்பவை எழுநூறைத் தாண்டும். அது ஏன் என்று கீழே வரும். பாளையங்கோட்டையிலிருந்து மூலிகை பார்க்க வரும் சித்த மருத்துவ மாணவர்கள், தென்காசிப் பக்கத்து நர்சரிக்காரர்கள், ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பித் தோட்டம் போட்டவர்கள் என்று பலரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். போனில் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பதற்கு ஒருதரம் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் தாவரவியல் படித்தவனில்லை. கணினியும் தட்டித் தடவிக் கற்றதுதான்.

அண்ணாச்சி, ஒரு நோட்டு போதாதா? கணினி எதற்கு?

செடி ஐம்பதுக்குள் இருந்து, நீங்களே எழுதி நீங்களே படிப்பதாக இருந்தால் நோட்டு போதும். எங்களுக்கும் ரொம்ப நாள் நோட்டுதான். 2023 டிசம்பர் 17, 18 மழை எல்லாருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கீழ்த்தட்டில் இருந்த மூன்று நோட்டும் ஊறிப்போயின. ஜெல் பேனாவில் எழுதிய பக்கமெல்லாம் நீலக் கறையாக மாறிவிட்டது. பென்சிலில் எழுதியது மட்டும் காயவைத்துப் பார்த்தால் எழுத்து எழுத்தாக இருந்தது. அக்டோபர் வரைக்கும் கணினியில் ஏற்றியிருந்ததால் போனது இரண்டு மாதக் கணக்குதான்.

அன்றிலிருந்து தோட்டத்துக்குள் பென்சில் மட்டுமே. நோட்டை விட்டுவிடவில்லை. செடிக்குப் பக்கத்தில் குத்தவைத்துக்கொண்டு எழுத நோட்டுதான் வசதி; இராத்திரி உட்கார்ந்து அதைக் கணினியில் ஏற்றுகிறேன்.

எக்செல்லில் போட்டிருக்கிறேன். அது போதாதா?

தொடக்கத்துக்குப் போதும். ஆனால் எக்செல்லுக்குச் சில கெட்ட பழக்கங்கள் உண்டு. செடி எண்ணை 12-3 என்று அடித்தால் அதை மார்ச் 12 என்றோ டிசம்பர் 3 என்றோ தேதியாக்கிவிடும். 0043 என்று அடித்தால் முன்னால் உள்ள சைபர்களை விழுங்கிவிட்டு 43 என்று வைத்துக்கொள்ளும். அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை, அதாவது மேலிருந்து கீழே வரும் கட்டங்களை, 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவைத்தால் தப்பிக்கலாம்.

பெரிய தொல்லை வேறு. ஒரே தாளில் வரிக்கு ஒரு செடி என்று எழுதும்போது அதே பெயரைப் பத்துத் தடவை அடிக்க வேண்டும். பத்துத் தடவையும் ஒரே மாதிரி அடிக்கிற கை எங்கே இருக்கிறது? என் பழைய தாளில் வெட்பாலை, வெப்பாலை, வெட்பாலை மரம் என்று ஒரே மரம் மூன்று பெயரில் இருந்தது. "நம்மிடம் வெட்பாலை எத்தனை நிற்கிறது" என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு எண்ணிக்கை. டேட்டாபேஸில் பெயர் ஓரிடத்தில்தான் இருக்கும். செடிகள் அதைச் சுட்டும். பெயரைத் திருத்தினால் எல்லாச் செடிக்கும் திருந்திவிடும். எக்செல்லை விட்டு வெளியே வர எனக்கு இந்த ஒரு காரணம் போதுமாக இருந்தது.

என்னென்ன அட்டவணை வேண்டும்?

நான்கு. பெயர், வரவு, செடி, குறிப்பு. மளிகைக் கடைப் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: சரக்குப் பட்டியல் ஒன்று, எந்த மூட்டை எப்போது யாரிடமிருந்து வந்தது என்பது ஒன்று, அந்த மூட்டை எங்கே இருக்கிறது என்பது ஒன்று, அன்றாடக் குறிப்பு ஒன்று.

சொன்னால் புரியாது, ஒன்றைக் காட்டிவிடுகிறேன். எங்கள் ஏட்டில் 2021-0043 உடைமரம். குடை விரித்தாற்போல நிற்குமே, நாங்குநேரிப் பக்கம் காய்ந்த தரையெல்லாம் ஆடுகளுக்கு நிழல் கொடுக்கிற அந்த மரம்தான்.

பெயர் அட்டவணையில் உடைமரத்துக்கு ஒரே ஒரு வரி. வரவு அட்டவணையில் 2021-0043: விதை, நாற்பது, நாங்குநேரியிலிருந்து மூலைக்கரைப்பட்டி போகும் சாலையோரம், தானாக வளர்ந்த ஒரு மரத்திலிருந்து, எடுத்த தேதி, எடுத்தவர். செடி அட்டவணையில் அதன் கீழே மூன்று வரி: 2021-0043-அ, ஆ, இ. முளைத்தவை பதினொன்று, தரையில் வைத்தவை மூன்று. குறிப்பு அட்டவணையில் தேதி வாரியாக: விதையைச் சுடுதண்ணீரில் ஒரு இராத்திரி ஊறப்போட்டது, முளைத்தது, நட்டது. ஆறாவது மாதம் 'அ'வை பக்கத்து வளவு ஆடு மொட்டையடித்துவிட்டது, செத்தது. 'இ' மச்சினன் தோட்டத்துக்குப் போனது. 'ஆ' இன்று என் உயரத்துக்கு மேலே நிற்கிறது.

வரவு அட்டவணையில், செடி எங்கிருந்து வந்தது என்று சொல்ல, மூலம் என்று ஒரு பத்தி இருக்கிறதே, அதை மட்டும் வெறுமையாக விடாதீர்கள். உலகத்துத் தாவரவியல் தோட்டங்கள் இதற்கு நாலு குறியீடு வைத்திருக்கின்றன. காட்டிலிருந்து நேராக வந்ததற்கு டபிள்யூ, காட்டிலிருந்து வந்த தாயின் வாரிசுக்கு இசட், தோட்டத்திலேயே பரம்பரையாக வந்ததற்கு ஜி, தெரியாததற்கு யூ. எங்கள் ஏட்டில் யூதான் அதிகம். நர்சரியில் வாங்கியதற்கெல்லாம் கதை கிடையாது. அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதினால் பின்னால் வருகிறவனுக்கு அது ஒரு தகவல்.

செடி எண்ணை எப்படிப் போடுவது? மூலிகைக்கு மூ, வாழைக்கு வா என்று வைக்கலாமா?

வேண்டாம். வந்த வருடம், அந்த வருடத்தின் வரிசை எண், அவ்வளவு போதும். எண்ணுக்குள் அர்த்தத்தைத் திணித்தால் அர்த்தம் மாறுகிற அன்று எண்ணும் பொய்யாகிவிடும். நான் முதலில் பாத்தி எண்ணைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு கோடையில் கிணற்றடிப் பாத்தியையே கலைத்தோம். இல்லாத பாத்தியின் பெயரைச் சுமந்துகொண்டு முப்பது செடி வேறு பாத்தியில் நின்றது.

செத்துப்போன செடியை ஏட்டிலிருந்து எடுத்துவிடலாமா?

கூடாது. நிலை என்ற பத்தியில் 'இறந்தது' என்று போட்டு, தேதியும் காரணமும் எழுதுங்கள். அந்த எண்ணை வேறு செடிக்குக் கொடுக்கவும் கூடாது. முந்நூறு செடி செத்த கணக்குதான் எங்கள் ஏட்டிலேயே உபயோகமான பகுதி. ஒரே கொடியை நாலு வருடம் நாலு தடவை சித்திரையில் நட்டுச் சாகடித்திருக்கிறேன் என்பது பட்டியலைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ஐந்தாவது தடவை ஐப்பசியில் வைத்தேன், பிடித்துக்கொண்டது.

அறிவியல் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்களே, எதை எழுத?

எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள், பெயர் வரும், போகும். மேலே சொன்ன உடைமரத்தையே எடுங்கள். பழைய புத்தகங்களில் அது அகேசியா பிளானிஃபிரான்ஸ். 2005இல் வியன்னாவில் கூடிய சர்வதேசத் தாவரவியல் மாநாடு அகேசியா என்ற பெயரை ஆஸ்திரேலியாக்காரர்களுடைய மரங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டது. 2011இல் மெல்போர்னில் கூடியபோதும் அதுவே நிலைத்தது. நம்முடைய உடைமரம், கருவேலம், வெள்வேல் எல்லாம் வச்சேலியா ஆகிவிட்டன. சீகைக்காய் செனகாலியாவுக்குப் போனது. நம் கண்மாயெல்லாம் நிறைந்து கிடக்கும் சீமைக்கருவேலத்துக்கும் 2022இல் புரோசோபிஸ் போய் நெல்டுமா வந்தது. மரம் நின்ற இடத்தில்தான் நிற்கிறது.

பெயர் அட்டவணையில் மூன்று பத்தி வையுங்கள்: இப்போது ஏற்கப்பட்ட பெயர், பழைய பெயர்கள், எந்தத் தேதியில் சரிபார்த்தேன் என்பது. பழைய பெயரை அழித்துவிட்டால் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்த கேம்பிளின் மதராஸ் மாகாணத் தாவரநூலோடு உங்கள் ஏட்டை ஒப்பிட முடியாது. இன்றும் நம் பக்கத்துச் செடிகளை அடையாளம் காண அதைத்தான் புரட்டுகிறார்கள். இன்றைய பெயரைப் பார்க்க, லண்டன் கியூ தோட்டம் நடத்தும் 'பிளான்ட்ஸ் ஆஃப் த வேர்ல்டு ஆன்லைன்' தளத்தில் தேடுகிறேன். வருடத்துக்கு ஒருதரம் போதும். தினமும் பார்த்தால் தலைசுற்றும்.

இன்னொன்று. இது இன்ன செடி என்று முடிவுசெய்தவர் யார் என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும். நானே படம் பார்த்து ஊகித்ததும், கல்லூரித் தாவரவியல் ஆசிரியர் பூவைப் பிரித்துப் பார்த்துச் சொன்னதும் ஒரே எடையில் ஏட்டில் இருக்கக்கூடாது.

தமிழ்ப் பெயர் மட்டும் இருந்தால் போதாதா? ஊரில் யாருக்கு லத்தீன் தெரியும்?

தமிழ்ப் பெயர் கட்டாயம் வேண்டும். அது மட்டும் போதாது என்பதற்கு எங்கள் ஏட்டில் 'சீனி' என்று தேடிப் பாருங்கள். மரச்சீனி வரும், அது மற்ற ஊர்களில் மரவள்ளி. சீனிக்கிழங்கு வரும், அது சர்க்கரைவள்ளி. சீனியவரை வரும், அது கொத்தவரை. மூன்றும் மூன்று குடும்பம்.

அவுரி இன்னும் மோசம். அகராதியில் அவுரி என்றால் நீலச்சாயம் எடுக்கிற நீலி. நம் பக்கத்திலும் தூத்துக்குடிப் பக்கத்திலும் கரிசலில் அவுரி போட்டிருக்கிறேன் என்று ஒரு விவசாயி சொன்னால், மலமிளக்கி மருந்துக்குப் போகும் நிலாவாரை. 'டின்னவெல்லி சென்னா' என்று நம் ஊர்ப் பெயரோடு உலகச் சந்தையில் விற்கும் சரக்கு அதுதான். மருந்துக்கு ஒன்றுக்கு ஒன்று மாறினால் விளையாட்டில்லை. ஒரு தடவை அவுரி விதை என்று கேட்டு வாங்கி நட்டுவிட்டு, மஞ்சள் பூ பூத்த பிறகு நீலம் எங்கே என்று நின்றிருக்கிறேன்.

அதனால் ஊர்ப் பெயர்களுக்குத் தனி அட்டவணை போட்டுவிட்டேன், கணக்குக்கு ஐந்தாவது. ஒரு செடிக்கு எத்தனை பெயரும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எந்த ஊரில் கேட்டது, யார் சொன்னது என்று பக்கத்தில் இருக்கும். களக்காட்டு ஏத்தன் வாழை மற்ற ஊர்களில் நேந்திரன், செந்துளுவன் என்றால் செவ்வாழை என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. எங்கள் ஆச்சி சொன்ன பெயர்களில் பத்துப் பன்னிரண்டு எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. எந்தச் செடியைக் காட்டிச் சொன்னாள் என்று செடி எண்ணோடு அவை ஏறியிருக்கின்றன. ஏட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த பக்கம் அது.

தமிழில் அடித்தால் தேடும்போது பாதிதான் வருகிறது. ஏன்?

நிறையப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் காரணம் எழுத்துரு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தாள் திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் ஏற்ற வேண்டும்.

இரண்டாவது கொஞ்சம் நுணுக்கமானது. 'கொய்யா'வின் முதலெழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாகச் சேர்ந்தது ஒரு விதம். ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று தனித்தனியாக வந்து கண்ணுக்குச் சேர்ந்து தெரிவது இன்னொரு விதம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாவது விதம் நிறைய வரும். எங்களிடம் கொய்யா ஏழு இருக்கத் தேடலில் நாலுதான் வந்தது. மீதி மூன்றும் பழைய கோப்பிலிருந்து வந்தவை. யூனிகோடு இயல்பாக்கம், அதாவது என்எஃப்சி என்ற முறையில் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டினால் சரியாகிவிடும். கணினி தெரிந்த பையன்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், நாலு வரி நிரல்தான்.

தமிழ் எண் ஏழும் எகரமும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். தமிழ் எண் ஒன்றும் ககரமும் அப்படியே. எலுமிச்சை ஒன்று எங்கள் ஏட்டில் ஏழில் தொடங்கிக்கொண்டு இரண்டு வருடம் ஒளிந்திருந்தது.

அகரவரிசையும் கோணும். எஸ்க்யூலைட் போன்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் தாமாக வரிசைப்படுத்தும்போது யூனிகோடு எண்ணைத்தான் பார்க்கும். அதில் னகரம் நகரத்துக்கு அடுத்தே நிற்கிறது. அதனால் பலாவுக்கு முன்னால் பனை வந்துவிடும். நான் வரிசைக்கென்று தனியாக ஒரு பத்தி வைத்துச் சமாளிக்கிறேன்.

சரி, எந்த மென்பொருள்?

பெரிய தாவரவியல் தோட்டங்கள் பிஜி-பேஸ், ஐரிஸ்பிஜி என்று தனி மென்பொருள் வைத்திருக்கின்றன. முதலாவது 1985இல் ஹார்வர்டின் ஆர்னால்டு மரத்தோட்டத்தில் தொடங்கியது. உலர்தாவரத் தொகுப்புகளுக்கு ஆக்ஸ்போர்டில் பிறந்த பிராம்ஸ். நம் முக்கால் ஏக்கருக்கு அதெல்லாம் வாய்க்காலில் கப்பல் விடுவது போல.

நான் வைத்திருப்பது எஸ்க்யூலைட். முழு டேட்டாபேஸும் ஒரே கோப்பு. பென்டிரைவில் போட்டுக்கொண்டு போகலாம். திறந்து பார்க்க 'டிபி பிரவுசர்' என்ற இலவச மென்பொருள் போதும். அக்சஸ் தெரிந்தவர்கள் அதிலேயே செய்யலாம், ஆனால் விண்டோஸை விட்டு நகர முடியாது. தோட்டத்தில் நின்றபடி போனில் பதிய வேண்டுமென்றால் கோபோடூல்பாக்ஸில் ஒரு படிவம் செய்துகொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும், வீட்டுக்கு வந்து அனுப்பிக்கொள்ளலாம். எதை எடுத்தாலும், எல்லாத் தகவலையும் சிஎஸ்வியாக, அதாவது எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பாக, வெளியே எடுக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடியாது என்றால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

தமிழ் உள்ள சிஎஸ்வியை எக்செல்லில் இருமுறை சொடுக்கித் திறந்தால் கோணல் மாணலாகத் தெரியலாம். கோப்பு கெட்டுவிடவில்லை. சேமிக்காமல் மூடிவிட்டு, 'டேட்டா' பகுதியில் போய் யுடிஎஃப்-8 என்று சொல்லி இறக்குங்கள்.

ஒவ்வொரு செடிக்கும் ஜிபிஎஸ் குறிக்க வேண்டுமா?

தோட்டத்துக்குள் வேண்டாம். போன் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டும். மரத்தடியில் இன்னும் மோசம். ஐந்து மீட்டரில் எங்களுக்கு இரண்டு பாத்தி போய்விடும். பாத்திக்கு எண் கொடுத்து, கையால் ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். விதை எடுத்த இடத்துக்கு மட்டும் ஜிபிஎஸ் எழுதுங்கள், தசமத்தில். அம்பை சுமார் வடக்கு 8.71, கிழக்கு 77.45. இரண்டையும் இடம் மாற்றி அடித்துவிட்டு வரைபடத்தைத் திறந்தால் நம் வெட்பாலை ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்டு தீவுக்கு மேற்கே மிதக்கும். எனக்கு மிதந்தது.

மலையிலிருந்து செடி கொண்டுவந்து பதியலாமா?

களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அங்கிருந்து ஒரு இலைகூட எடுக்கக்கூடாது. காரையாறு கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது பையில் ஒரு ஆர்க்கிட் போட்டு வந்தேன் என்று யாராவது சொன்னால், அதைப் பதிய என்னிடம் வராதீர்கள்.

ஏட்டை வெளியாருக்குக் கொடுக்கும்போது, அரிய செடிகளின் காட்டு இடத்தை மறைத்துவிட்டுக் கொடுங்கள். தாலுகா பெயர் போதும். துல்லியமான இடம் தெரிந்தால் முதலில் போய் நிற்பவன் வியாபாரியாகத்தான் இருப்பான்.

லேபிள் எதில் எழுதுவது?

மார்க்கர் பேனா நம் வெயிலுக்கு ஒரு கோடை தாங்காது. பிளாஸ்டிக் லேபிளில் பென்சில் வருடக்கணக்கில் நிற்கும். மரத்துக்கு அலுமினியத் தகடு: குளிர்பான டப்பாவைக் கத்தரித்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் எழுத்து பள்ளமாகப் பதியும். கம்பியைத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் தண்டு பருக்கும்போது கம்பி பட்டைக்குள் போய்விடும். க்யூஆர் குறியீடு போடுவதென்றால் அதற்குள் செடி எண் மட்டும் இருக்கட்டும். பாபநாசம் பக்கத் தோட்டமென்றால் எதைக் கட்டினாலும் குரங்கு பிய்த்துவிடும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை, வரைபடம்தான்.

போட்டோ?

கோப்புப் பெயர் செடி எண்ணில் தொடங்கட்டும், பிறகு தேதி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் கழன்றுவிடும். 'டாக்குமென்ட்' என்று அனுப்புங்கள். பூ, காய், இலையின் பின்பக்கம் மூன்றும் வேண்டும். முழுச்செடி படம் அழகுக்குத்தான்.

காப்பு நகல் எத்தனை?

மூன்று. கணினியில் ஒன்று, இணையத்தில் ஒன்று, வேறு ஊரில் உள்ள ஒருவர் வீட்டில் ஒன்று. என்னுடையது மதுரையில் தங்கை வீட்டு அலமாரியில் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரும்போது பென்டிரைவை மாற்றிக்கொள்வோம்.

எங்களிடம் முந்நூறு செடி, ஒன்றுக்கும் பதிவில்லை. எங்கே தொடங்க?

வாசலில் தொடங்கிக் கிணற்றடி வரை நடந்துகொண்டே எண் மட்டும் போடுங்கள். பெயர் தெரியாவிட்டால் 'தெரியாத கொடி, வேலியோரம்' என்று எழுதிவிட்டு நகருங்கள். ஒரு செடியின் பெயரைத் தேடி நின்றீர்களானால் அன்றைய பொழுது அதோடு போச்சு. நாளைக்கு இருபது என்றால் பதினைந்து நாள். புதிதாக வருவதைத் தரையில் வைப்பதற்கு முன்பே பதியுங்கள். பழசை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி மழை விழுந்தால் களை இடுப்பளவு வந்துவிடும், அப்புறம் குனிந்து லேபிள் தேட வேண்டியதுதான்.